ஒன்பது சதுரம்

மன்றத்துக்குப் பூட்டுப் போட்டு நாற்பது நாள்.
வாடகை பாக்கி ஒரு காரணம்.
இன்னொரு காரணம் நானும் டில்லிபாபுவும்.
யாருக்கு ஓட்டு என்பதில் தொடங்கி
யாருடைய நாற்காலி என்பதில் வந்து நின்று
அந்த நாற்காலி உடைந்ததோடு
முடிந்தது எங்கள் விவாதம்.

எஸ்தர்தான் சொன்னாள்:
"ஒரு வாரம். தெனம் ராத்திரி ஒம்போது மணி.
போன்லயே கூடுவோம், சும்மா.
அரசியல் பேசுனா வெளிய தள்ளிடுவேன்."

கொருக்குப்பேட்டையில்
கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்துகொண்டு
ஒன்பது சதுரத்துக்குள் உட்கார்ந்தோம்.
இருபது வருடம் உலகத்தைப் பேசியவர்கள்
"சாப்டாச்சா" என்று கேட்டுவிட்டு
அடுத்த வாக்கியம் தெரியாமல்
பதினோரு நிமிடம் இருந்தோம்.
கேட்டில் கூட்ஸ் வந்தது.
முதலில் என் ஜன்னலில் ஊதியது,
அப்புறம் வேம்புலி போனில்,
அப்புறம், கொஞ்சம் இழுத்து, ஜரினா போனில்.
ஒரே ரயில் மூன்று முறை போயிற்று.
அதைப் பற்றிப் பேசினோம்.

செவ்வாய், ஜரினா சுறாப்புட்டு செய்து காட்டினாள்.
"எண்ணெய் எவ்ளோ?" என்றான் துளசிங்கம்.
அவன் கேட்டது அளவு.
அவள் சொன்னது விலை.
அவ்வளவுதான்,
எண்ணெய் கப்பலேறி, கப்பல் துறைமுகத்துக்கு வந்து,
துறைமுகத்தில் காண்ட்ராக்டில் கைவிரல் இழந்த
அவன் அண்ணன் வரைக்கும் போய்விட்டது.
எஸ்தர் மூன்று பேரை வெளியே தள்ளினாள்.
புட்டு அடிப்பிடித்தது.

தம்போலா ஆடியது எந்த நாள்,
மறந்துவிட்டேன்.
நம்பர் சொன்னது வேம்புலி,
மில் வாசலில் கோஷம் போட்டுத் தடித்த குரல்.
"அம்பத்தாறு!"
திருவொத்தியூர் பஸ்சு, என்றது ஒரு சதுரம்.
"எழுவத்தியெட்டு!"
"அந்த வருசந்தான் எங்கப்பாவ உள்ள வெச்சாங்க"
என்றாள் புஷ்பலீலா.
யாரும் நம்பரை அடிக்கவில்லை.
"தள்ளிடாதக்கா. இது அரசியல் இல்ல,
எங்கப்பா."
எஸ்தர் தள்ளவில்லை.
எல்லாக் கோடும் அப்படியே நிற்க
ஜெயில் வாசலில் அவள் அம்மா
பொட்டலம் பிரித்துக் காட்டிய சோற்றின் கதையை
பதினொன்றரை வரை கேட்டோம்.

டில்லிபாபு தினமும் வந்தான்.
முகமில்லை. கறுப்புச் சதுரம்.
கீழே பெயர், பெயருக்கு முன்னால் தோழர்.
ஒரு ராத்திரி மைக்கை மூட மறந்து தூங்கிப்போனான்.
குறட்டைக்குப் பின்னால்
கடக், கடக், கொஞ்சம் இடைவெளி, கடக்.
எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்?
காணாமல் போனதாகக் கணக்கில் நான் எழுதிய
மன்றத்து ஃபேன்.
வாயைத் திறக்கவில்லை.
பேசினால் அரசியலாகிவிடும்.

சனி, ஒன்பது இருபது.
"லாரி!" என்று யாரோ கத்த
போன்களைச் சாய்த்தது சாய்த்தபடி ஓடினோம்.
மூன்றாவது மாடியில் எஸ்தருக்கு அன்று முறையில்லை.
அவள் மட்டும் உட்கார்ந்து
எட்டு வீட்டுக் கூரைகளைப் பார்த்திருக்கிறாள்:
ஒட்டடை, ஒரு பல்லி, ஓட்டை ஆஸ்பெஸ்டாஸ்,
ஓடுகிற அவசரத்தில் கைபட்டுக் கேமரா திறந்துகொண்ட
டில்லிபாபு வீட்டில்
பச்சை இறக்கையில் மன்றத்தின் பெயர் எழுதிச்
சுற்றிக்கொண்டிருந்த ஃபேன்.

கீழே, தெருவில்,
ஹோஸ் அவன் கையில் இருந்தது.
நாற்பது நாள் கழித்துப் பார்க்கிறேன்,
மீசையை எடுத்திருந்தான்.
அவன் குடம் ரெண்டும் நிறைந்த பிறகு
கேட்காமலே என் குடத்தில் விட்டான்.
நாலாவது குடம் நிறையும்போது
தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
"புள்ளைக்கு வேக்குரு. அதான்
எட்த்துணு போனேன்."
"சத்தம் வருது" என்றேன்.
"ம்."
"பேரிங்கு போயிருக்கும்."
பின்னாலிருந்து ஒரு அம்மா
"இன்னாய்யா, மீட்டிங்கு போட்றீங்களா" என்று கத்தினாள்.

ஞாயிறு நெட் வரவில்லை.
வேலையில்லாமல் மினிட்ஸ் நோட்டை எடுத்தேன்.
கூடியது: ஆறு நாள்.
வருகை: ஒன்பது பேர்.
தீர்மானம்: ஏதுமில்லை.
தண்ணீர் ஆறு குடம் என்பதை எந்தத் தலைப்பில் எழுதுவது?
விட்டுவிட்டேன்.
பழைய பக்கத்தைப் புரட்டி
'ஃபேன் ஒன்று, காணவில்லை' என்றிருந்ததில்
கடைசிச் சொல்லை அடித்தேன்.